நாலாவது ஆள்

மதுரை மாட்டுத்தாவணியில் செல்லக்கனியைப் பார்த்ததாக ஹெல்பர் பாண்டிராஜ் சொன்னபோது, அவள் புருஷன் ஊர்க்காவலன் அச்சு மெஷினில் சிவப்பு மையைத் தீற்றிக்கொண்டிருந்தான்.

"நேத்து மதினியப் பாத்தேண்ணே. பஸ் ஸ்டாண்டுல. மதினின்னு ரெண்டு தரம் கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பாக்காமப் போயிட்டாக."

"எத்தன மணிக்கி?"

"பதினொண்ணு, பதினொண்ணரை இருக்கும்."

"அந்நேரம் அவ கம்பெனில இருப்பா. வேற யாரையாச்சும் பாத்திருப்ப."

"இல்லண்ணே. போன தீவாளிக்கு நீங்க எடுத்த பச்சைச் சேல. நானுந்தான கடைக்கு வந்தேன்."

வேறொருவனாக இருந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போய், மதுரைக்கு எதுக்குப் போன என்று கேட்டிருப்பான். அவள் ஏதாவது சொல்லியிருப்பாள், கதை அங்கேயே முடிந்திருக்கும். ஊர்க்காவலன் கேட்கிற ஆள் இல்லை, பார்க்கிற ஆள். திருத்தங்கல் ஆப்செட் பிரஸ் ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக நாலு கலர் மெஷின் ஓட்டுகிறான். ஓடுகிற தாளில் நூற்றுக்கு ஒன்றை உருவி, லென்சை வைத்து, புள்ளிமேல் புள்ளி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது அவன் வேலை. வெறுங்கண்ணுக்கு முருகன் அழகாகச் சிரித்துக்கொண்டிருப்பார். லென்சில் பார்த்தால் உதட்டுச் சிவப்பு மயிரிழை விலகியிருக்கும். பகலெல்லாம் சாமி படத்திலேயே குற்றம் கண்டுபிடிக்கிறவன் வீட்டுக்கு வந்து மட்டும் கண்ணை மூடிக்கொள்வானா?

இன்னொன்றும் உண்டு. பட்டாசுப் பெட்டி லேபிளில் கள்ள மார்க் வைப்பது அவன் கைவேலை. ஒரு சரக்கு நன்றாக ஓடினால், அதே படத்தைப் போட்டு வேறு எவனாவது இறக்கிவிடுவான். அதற்காக மயில் தோகையிலோ குழந்தையின் சட்டைப் பொத்தானிலோ வேண்டுமென்றே ஒரு புள்ளியைப் பிசகாக விட்டு வைப்பார்கள். எங்கே என்பது கம்பெனிக்காரருக்கும் ஊர்க்காவலனுக்கும் மட்டும் தெரியும். எந்தப் படத்துக்குள்ளும் ஒரு கள்ளப் புள்ளி இருக்கும் என்பது அவனுக்கு ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை.

நாலு மாசமாகவே அவள்மேல் அவனுக்கு ஒரு கண். கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒன்று கேட்டால் வேறொன்று சொல்கிறாள். தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு எதையோ யோசிக்கிறாள். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு சமைக்கிறாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு பொம்பளைக்கு யோசிக்க என்ன இருக்கிறது என்று அவன் யோசித்தான்.

ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளியான கையோடு ஆர்டர் குவிந்துவிட்டது. அவனுக்கு மதியம் இரண்டு மணி ஷிப்ட். பட்டாசுக் கம்பெனிகளுக்கும் தீபாவளி சீசன் என்பதால் செல்லக்கனி காலை ஆறரைக்கே கம்பெனி வேனில் ஏறிவிடுவாள். மழை இல்லை. ஆவணி வெயில் மண்ணைப் பொரித்துக்கொண்டிருந்தது. பட்டாசுக்குக் கொண்டாட்டமான வெயில் அது.

பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அந்த வம்பே வேண்டாமென்று பாதிப்பேர் வீட்டிலேயே சார்ஜில் போட்டுவிட்டுப் போவார்கள். செல்லக்கனியும் அப்படித்தான். மகள் கற்பகம் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். ஆக, காலை ஆறரையிலிருந்து மதியம் வரை வீட்டில் ஊர்க்காவலனும் பெண்டாட்டியின் போனும் மட்டும்தான்.

போனுக்குப் பூட்டு இருந்தது. அதுவே அவனுக்குப் பாதி சாட்சி. கற்பகத்தின் பிறந்த தேதியைப் போட்டான், திறந்துகொண்டது. இவ்வளவு சுலபமாகத் திறந்ததிலும் அவனுக்குச் சந்தேகம் வந்தது.

தேடவே வேண்டியிருக்கவில்லை. 'தருண்குமார் மதுரை' என்று ஒரு பெயர். அதில் போன் பேசினதாக எதுவும் கிடையாது. வாரத்துக்கு ஒன்றாகப் பதினொரு ஆடியோ வந்திருந்தது. கீழே இவள் எழுதியிருந்தாள். 'ரெண்டு தடவ கேட்டேன் சார்.' 'மொதல்ல புரியல, இப்ப கொஞ்சம் புரியுது.' 'மூணாவதுதான் ரொம்பப் புடிச்சிருக்கு, தெனமும் அதத்தான் கேக்கேன்.' அந்தப் பக்கமிருந்து ஒரே ஒரு பதில் வந்திருந்தது. 'அவசரப்படாதீங்க. பொறுமையா இருங்க, தானா வரும்.'

எது தானா வரும்? மூணாவதை அழுத்தி, ஒயரை எடுத்து இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

எவனுடைய குரலாவது வரும் என்று காத்திருந்தான். வயலின்தான் வந்தது. ஒரு வயலின் இல்லை, ஒன்றுக்குமேல் ஒன்றாக ஏதேதோ இழுத்தார்கள். இருபத்தேழு நிமிஷம். நடுவில் நின்று நின்று மறுபடியும் ஆரம்பித்தார்கள். பாட்டுக்காரன் வரவில்லை, தபேலா இல்லை, கைதட்டல்கூட இல்லை. பஞ்சாயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் நியாயம் பேசுகிற மாதிரி இருந்தது. இப்படி ஒன்றை ஒருத்தி தினமும் கேட்கிறாள் என்றால் அது பாட்டுக்காக இருக்க முடியாது. உள்ளே ஏதோ வைத்து அனுப்புகிறான். நடுவில் எங்கேயோ அரை நிமிஷம் பேசியிருப்பான். அந்தப் புள்ளியைப் பிடித்துவிட்டால் போதும்.

அந்தப் புள்ளி அன்றைக்குக் கிடைக்கவில்லை. மறுநாள் அக்கா முருகம்மாள் வீட்டுக்குப் போனான். பக்கத்துத் தெருதான். புருஷனை இழந்தவள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டே தம்பியை வளர்த்து ஆளாக்கிக் கல்யாணம் செய்து வைத்தவள். தம்பிக்கு ஒன்று என்றால் ஊரையே விலக்கி வைத்துவிடுவாள். போனை வாங்கிக் காதோடு வைத்துக் கேட்டாள்.

"இதுல பாட்டு எப்பலே வரும்?"

"வராதுக்கா."

"வராத பாட்டையா இம்புட்டு நேரம் கேக்கா?"

"அதான் எனக்கும் தெரியல."

"வேதக்கோயில்ல பாதர் நடத்துத கலியாணத்துக்கு இப்பிடித்தான் வாசிப்பாக. எதும் வேதத்துல சேரப் போறாளோ?"

"அப்பிடின்னா சாமி பேராச்சும் வரும்லா. இதுல ஒரு பேரும் இல்ல."

"அப்ப அதவிட மோசம்." முருகம்மாள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "நீ கேட்டியா அவகிட்ட?"

"கேட்டா ஒண்ணு இட்டுக்கட்டிச் சொல்லுவா. கையும் களவுமாப் புடிக்கணும்."

"நீ புடிச்சுக் கிளிச்ச. வார ஞாயித்துக்கெளம இருக்கன்குடிக்குக் கூட்டிட்டு வா. ஆத்தா முன்னால சூடத்த ஏத்துவோம். எம் புருசனுக்குத் தெரியாத சங்கதி எங்கிட்ட ஒண்ணுமில்லன்னு மூணு தரம் சொல்லி அவ கையால அணைக்கட்டும்."

"அணைக்கலன்னா?"

"அணைக்கலன்னா அவ அண்ணன் காரியாபட்டில இருக்கான்ல. அங்கன கொண்டுபோய் விட்டுருவோம்."

அன்று சாயங்காலமே, செல்லக்கனி வேனை விட்டு இறங்கும்போதே, தெருமுனையில் நிறுத்தி முருகம்மாள் இதைச் சொல்லிவிட்டாள். கையெல்லாம் அலுமினியப் பவுடர் வெள்ளி மாதிரி மின்ன, செல்லக்கனி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன சொல்லணும் மதினி, இன்னொரு தரம் சொல்லுங்க என்று இரண்டு தடவை கேட்டாளாம். குற்றமுள்ள நெஞ்சுக்குத்தான் காது அடைக்கும் என்று முருகம்மாள் தெருவில் நாலுபேரிடம் சொன்னாள்.

மறுநாள் காலையில் கம்மஞ்சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் ஊர்க்காவலன் முன்னால் வைத்துவிட்டு, வேனுக்குப் புறப்படுகிற நேரத்தில் செல்லக்கனி சொன்னாள்:

"நான் கோயிலுக்கு வாரேன். மாவிளக்குப் போடுதேன். ஆனா சூடம் அணைக்க மாட்டேன்."

"ஏன்?"

"ஆத்தா முன்னால பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன். என்னைய காரியாபட்டிக்கு அனுப்பணும்னா அனுப்பிருங்க."

ஊர்க்காவலன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான். அதுவரை அவனுக்கு இருந்தது சந்தேகம் மட்டும்தான். சந்தேகத்தில் ஒரு சௌகரியம் உண்டு, அது பொய்யாகவும் இருக்கலாம். இப்போது அவளே ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. அதற்குள் அது என்னவென்று தெரியாவிட்டால், என்னவென்றே தெரியாமல் அவளைப் பறிகொடுக்க வேண்டியதுதான்.

பிரஸ்ஸிலிருந்து கழிவுத்தாள் ஒரு கட்டு கொண்டுவந்தான். பின்பக்க வெள்ளையில் நிமிஷம், விநாடி போட்டு, மூணாவது ஆடியோவைத் துண்டு துண்டாகக் கேட்டான். ஒரு பேச்சும் இல்லை. ஆனால் நிறுத்தி நிறுத்திக் கேட்டதில் ஒன்று தெரிந்தது. ஆரம்பத்தில் வருகிற ஒரு சின்ன இழுப்பு, நாலாவது நிமிஷத்தில் திரும்ப வந்தது. இதுதான் மார்க் என்று நினைத்து வட்டம் போட்டான். ஆறாவது நிமிஷத்தில் அதே இழுப்பு இன்னும் கீழே இறங்கி, மை கூடிப்போன மாதிரி இருட்டாக வந்தது. அப்புறம் இரண்டாக உடைந்தது. பாதியை ஒருவன் வைத்துக்கொண்டான், மீதியை இன்னொருவன் பிடுங்கினான், கொஞ்ச நேரம் தள்ளுமுள்ளு. ஒன்பதாவது நிமிஷத்தில் சண்டையெல்லாம் ஓய்ந்து பழையபடி முழுசாக வந்து நின்றது. அது திரும்பி வந்ததும் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. எதுக்குச் சந்தோஷப்பட்டோம் என்று யோசித்தான், கோபம் வந்தது.

எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று பிரிக்க அடுத்த நாள் காலை முழுக்க ஆயிற்று. நாலு பேர். அது தெரிந்ததும் அவனுக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. நாலு கலர். பிரஸ்ஸில் ஒவ்வொரு கலரும் தனித்தனித் தகட்டில்தான் இருக்கும். ஒரு கலரை மட்டும் அடித்துப் பார்த்தால் படமே இருக்காது, அங்கங்கே கறை மாதிரி தெரியும். நாலும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழுந்தால்தான் முருகன் வருவார். இதிலும் அப்படித்தான். அடியில் தடித்த குரலில் போகிறவனுக்குக் கருப்பு என்று பெயர் வைத்தான். தொண்டை கட்டின மாதிரி நடுவில் பேசுகிறவன் நீலம். எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டுக்கொண்டே போகிறவன் மஞ்சள். மஞ்சள் தனியாகக் கண்ணுக்குத் தெரியாது, எடுத்துவிட்டால் படம் செத்துப்போகும். எல்லோருக்கும் மேலே, மெலிசாக, முதலில் ஆரம்பித்துக் கடைசிவரை விடாமல் போகிறவளுக்குச் சிவப்பு.

இப்போது கருப்பை மட்டும் பிடித்துக்கொண்டு முழுசாக ஒருதரம் கேட்டான். அப்புறம் நீலத்தைப் பிடித்துக்கொண்டு. ஒவ்வொரு தடவையும் வேறு பாட்டாக இருந்தது. நடுவில் மெதுவாகப் போகிற ஒரு பகுதி வரும். அதில் மற்ற மூன்று பேரும் குரலைத் தாழ்த்திக்கொள்ள, சிவப்பு மட்டும் தனியாக ஒரு சங்கதியைச் சொல்ல ஆரம்பித்து, முடிக்க முடியாமல் நிறுத்தி, திரும்பவும் சொல்லும். சனிக்கிழமை அந்த இடம் வந்தபோது ஊர்க்காவலன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். ஏழு நிமிஷம் அவனுக்குச் சந்தேகப்பட மறந்துபோனது. முடிந்த பிறகு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, இந்தத் தருண்குமார் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தால் இப்படியொன்றைத் தேடி அனுப்பியிருப்பான் என்று முன்னைவிடப் பயந்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. முருகம்மாள் ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். செல்லக்கனி தலைக்குக் குளித்து, மாவிளக்குக்குப் பச்சரிசி மாவில் வெல்லத்தைப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். ஊர்க்காவலன் போனையும் கழிவுத்தாளையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான்.

"யாரு இது, தருண்குமாரு?"

அவள் போனைப் பார்த்தாள். தாளில் வரிசையாக இருந்த நிமிஷக் கணக்கைப் பார்த்தாள். கை மாவிலேயே இருந்தது.

"பாட்டு அனுப்புத பையன்."

"பொம்பளைக்குப் பாட்டு அனுப்புத பையனா?"

"கற்பகத்தவிட அஞ்சாறு வயசு மூப்பு இருக்கும். அம்புட்டுத்தான்."

"என்னத்துக்கு அனுப்புதான்?"

"கேக்க."

"நீ இதக் கேக்க?"

"ஆமா. தெனமும் கேக்கேன்."

"மூணாவத?"

"ஆமா."

"சரி, நானும் கேட்டிருக்கேன். இப்பச் சொல்லு. மெதுவாப் போற எடத்துக்கு முன்னால என்ன நடக்கும்?"

செல்லக்கனி அவனை ஒருமாதிரியாகப் பார்த்தாள். வாத்தியார் முன்னால் நிற்கிற மாதிரி யோசித்துச் சொன்னாள். "எல்லாம் ஒண்ணா ஓடி வந்து டக்குன்னு நின்னுருவாக. ஆள் மூச்சு வாங்குத நேரம் சத்தமே இருக்காது. பெறகு அந்தத் தடிக்குரலு மட்டும் ஆரம்பிக்கும். நான் அதுக்குப் போர்மேன்னு பேரு வச்சிருக்கேன்."

அவனுடைய கருப்பைத்தான் சொல்கிறாள். சரியாகச் சொன்னாள்.

"தொண்ட கட்டுன மாரி ஒருத்தன் வருவானே."

"அது கம்பெனில எங்க ரூமுல வேல பாக்குத பாண்டிச்செல்வி. அவளும் அப்பிடித்தான் பேசுவா. போர்மேன் என்ன சொன்னாலும் அவ மறுத்துச் சொல்லுவா, பாத்தீகளா. கடேசில ரெண்டு பேரும் ஒண்ணாப் போவாக."

அது அவன் கவனிக்காதது. தாளைப் பார்த்தான். பத்தொன்பதாவது நிமிஷம், சரிதான். ஒரு நிமிஷம் தான் எதற்காகக் கேள்வி கேட்க உட்கார்ந்தோம் என்பதே அவனுக்குத் தப்பிப்போனது.

"ஆமாம் போட்டுக்கிட்டே ஒருத்தன்?"

"அது நானு," என்று சொல்லிவிட்டு அவள் லேசாகச் சிரித்தாள். "பாண்டிச்செல்விக்கும் போர்மேனுக்கும் நடுவுல கெடந்து நாந்தான ஆமாம் போடுதேன்."

"சரி. நாலாவது ஆளு?"

"நாலாவதா? மூணு பேருதான்."

"நாலு."

"இல்லங்க, மூணு பேருதான்."

ஊர்க்காவலன் நிமிர்ந்து உட்கார்ந்தான். புள்ளி கிடைத்துவிட்டது. "மேல ஒருத்தி மெலிசாப் போறாளே. அவதான் மொதல்ல ஆரம்பிக்கா, அவதான் கடேசி வரை போறா. அவ இல்லன்னா இந்தப் பாட்டே இல்ல. தெனமும் கேக்கேன்னு சொல்லுத, அவளத் தெரியாதுன்னும் சொல்லுத. நீ இதக் கேட்டதே இல்ல. மத்ததெல்லாம் அவன் சொல்லிக் குடுத்துப் படிச்சிருக்க."

"ஆத்தா சத்தியமா மூணுதாங்க."

"சத்தியத்த அங்கன வந்து பண்ணு."

அவள் கையில் மாவு. ஒயரின் இரண்டு முனைகளிலும் எறும்புத் தலை அளவில் பொறித்திருந்த எழுத்தைப் பார்த்து, இடது எது, வலது எது என்று சரிபார்த்து, அவனே அவள் காதுகளில் மாட்டினான். மூணாவதைப் போட்டான். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"மூணு."

"பொய்யி."

இடது காதில் இருந்ததைப் பிடுங்கித் தன் காதில் வைத்தான். சிவப்பு அங்கேதான் இருந்தாள், பக்கத்தில் நின்று பாடுகிற மாதிரி. அரதப்பழைய பதிவு அது. மெலிசுக் குரலை இடப்பக்கமாகவும் மற்ற மூன்றையும் வலப்பக்கமாகவும் தள்ளிப் பிடித்திருந்தார்கள். இவ்வளவு சத்தமாகக் கேட்கிறது, கேட்கவில்லை என்கிறாளே. கோபத்தில் அவள் வலது காதில் இருந்ததை உருவிவிட்டு, தன் காதில் இருந்ததை அங்கே செருகினான்.

செல்லக்கனியின் கை மாவில் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தாள், அவனைப் பார்க்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. சிவப்பு சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அவள் அசையவில்லை.

"இது பாட்டா?" என்றாள். "மெலிசா, எங்கேயோ தூரத்துல கேக்கும். எங்காதுக்குள்ள இருக்க எரச்சல்னு நெனச்சேனே. இதக் கேக்கக் கூடாதுன்னுல்ல இம்புட்டு நாளும் ஒதுக்கி ஒதுக்கி வச்சேன்."

"எந்தக் காதுல எரச்சலு?"

ஊர்க்காவலன் எழுந்து அவளுக்கு இடப்பக்கமாகப் போய் நின்று, கனி என்றான். கொஞ்சம் சத்தமாக, கனி என்றான். அவள் மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். லென்சே இல்லாமல் அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அழுகை வந்தது. அவள் முன்னால் அப்படியே குத்துக்கால் வைத்து உட்கார்ந்து அழுதான்.

"எப்பருந்து?"

"சித்திரையில வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ரூமு வெடிச்சுதுல்ல, அன்னைக்கிருந்து. நாங்க நாலு பேரும் ஓடி வெளிய வந்துட்டோம். ஆளுக்கு ஒரு காயம் இல்ல. இடது காது மட்டும் அடச்சது தெறக்கவே இல்ல. உள்ள சங்கு ஊதுன மாரி ஒரே எரச்சலு. மதுரையில காட்டுனேன். போனது போனதுதான்னுட்டாரு டாக்டரு. அங்க மாசத்துக்கு ஒருக்க வரச் சொல்லி, காதுக்கு மிசின் மாட்டிச் சோதிக்குத பையன்தான் தருண்குமாரு. அவரு சொன்னாரு, வார்த்தை இருக்க பாட்டு கேக்காதீக, வார்த்தையப் புடிக்கப் போயி மனசு அசந்துரும். இதக் கேளுங்க, ஒரு வாத்தியத்தப் புடிச்சுக்கிட்டு அதுக்குப் பின்னாலயே போங்க, எரச்சல மனசு மறந்துரும்னு."

"மறந்துச்சா?"

"மொத ரெண்டு வாரம் எரிச்சலாத்தான் இருந்துச்சு. பெறகு எரச்சலுக்காகக் கேக்கல. அதுக்காகவே கேட்டேன். இன்னைக்கி என்ன சண்ட போடுவாகன்னு வேன்ல வரும்போதே நெனப்பு வந்துரும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

செல்லக்கனி மாவை உருட்டி நடுவில் விரலால் குழி வைத்தாள். "சொல்லத்தான் வந்தேன். வெடிச்ச மறுவாரம். நீங்க பின்னாலருந்து கூப்பிட்டிருக்கீக, எனக்குக் கேக்கல. எவன நெனச்சுக்கிட்டு நிக்கன்னு கேட்டீக. அதுக்கு மேல எங்க சொல்ல? சொன்னாலும் நடிக்கேன்னுருப்பீக."

அவன் அப்படிக் கேட்டிருந்தான். அவனுக்கு நினைவிருந்தது.

"ரூமுல நாலு பேரு இருக்கீக. ஒருத்தி பாத்துச் சத்தம் போட்டாத்தான மத்தவ ஓடணும். ஒனக்குக் கேக்காட்டி?"

"பாண்டிச்செல்விக்கு மட்டும் தெரியும். அவ மொகத்தப் பாத்த மாரித்தான் உக்காருவேன். அவ எந்திரிச்சா நான் எந்திரிப்பேன்."

"அது போதாது கனி."

"போதாதுன்னு எனக்கும் தெரியும். நாளைக்கிப் போர்மேன்ட்ட சொல்லிருதேன். லேபிள் ஒட்டுத பக்கம் மாத்துனா மாத்தட்டும், வீட்டுக்குப் போன்னா வாரேன். மதினிக்கு மட்டும் தெரிய வேண்டாம். செவிடின்னு ஒருக்க பேரு விளுந்துட்டா, சாகுந்தண்டியும் அதான் பேரு."

ஒன்பது மணிக்கு முருகம்மாள் சூடமும் தேங்காயுமாக வந்து நின்றாள். தம்பியின் கண் சிவந்திருப்பதைப் பார்த்தாள். சத்தியமெல்லாம் வேண்டாம்க்கா, நான் விசாரிச்சுட்டேன் என்று அவன் சொன்னதும், அவள் நேராக அடுப்படிக்குப் போய்க் குழம்புச் சட்டியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"மருந்து வச்சுட்டா ஒனக்கு. நேத்து வரை நல்லாத்தானலே இருந்த."

"நான் வாரேன் மதினி," என்றாள் செல்லக்கனி. "சூடம் அணைக்கேன்."

சாத்தூரில் பஸ் மாறி இருக்கன்குடி போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஆற்று மணலில் அடுப்புக் கூட்டிக் கறிச்சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் உருமி, ஒரு பக்கம் கொட்டு, மொட்டை போட்ட பிள்ளைகளின் அழுகை, மைக்கில் காணாமல் போனவர்களின் பெயர். தீச்சட்டி எடுத்த ஒரு கூட்டம் குலவையிட்டுக்கொண்டு கடந்துபோனது. ஊர்க்காவலனுக்கே பக்கத்து ஆள் பேசுவது கேட்கவில்லை.

மாவிளக்கை வைத்துக் கும்பிட்ட பிறகு, முன்மண்டபத்து ஓரத்தில் வெற்றிலைமேல் சூடத்தை வைத்து முருகம்மாள் கொளுத்தினாள். செல்லக்கனிக்கு இடப்பக்கம் நின்றுகொண்டாள்.

"நான் சொல்லச் சொல்லச் சொல்லு. எம் புருசனுக்குத் தெரியாத சங்கதி எங்கிட்ட ஒண்ணுமில்ல."

செல்லக்கனி அம்மனைப் பார்த்தபடி நின்றாள். வாய் திறக்கவில்லை.

"சொல்லுளா."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். பக்கத்தில் மாவிளக்கு வைத்துக்கொண்டிருந்த இரண்டு பொம்பளைகள் திரும்பிப் பார்த்தார்கள். சூடம் பாதி எரிந்துவிட்டது. முருகம்மாள் தம்பியைப் பார்த்த பார்வையில் வெற்றி இருந்தது, அதைவிடத் துக்கமும் இருந்தது.

"பாத்தியாலே. வாய் வரல பாரு."

ஊர்க்காவலன் அக்காவை விலக்கவில்லை. சுற்றிக்கொண்டு செல்லக்கனியின் வலப்பக்கம் வந்தான். குனிந்து, காதோரத்து ஈரமுடியை ஒதுக்கி, அக்கா சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் சொன்னான். சொல்லும்போதே, இன்றைக்குக் காலையிலிருந்து அது நிஜம் என்பது அவனுக்கு உறைத்தது.

"எம் புருசனுக்குத் தெரியாத சங்கதி எங்கிட்ட ஒண்ணுமில்ல," என்றாள் செல்லக்கனி. பக்கத்துப் பொம்பளைகளுக்கும் கேட்கும்படி மூன்று தரம் சொன்னாள். உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தாள்.

முருகம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். ஆத்தா முன்னால் நடந்ததை அவளால் மறுக்க முடியாது. ஆனால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் முன் சீட்டிலிருந்து அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"அவ காதுல என்னலே சொன்ன?"

"நீ சொன்னதத்தான்க்கா சொன்னேன்."

"நான் சொன்னத நானே சொன்னேன்ல. அவளும் கேட்டுக்கிட்டுத்தான நின்னா. நடுவுல நீ எதுக்கு?"

அவனிடம் பதில் இருந்தது, சொல்ல முடியாது. வெளியே பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொஞ்சதூரம் போனதும் செல்லக்கனியின் வலது காதுப் பக்கம் குனிந்து, போர்மேனும் பாண்டிச்செல்வியும் ஒன்றாகப் போகிற இடம் எது என்று கேட்டான். அவள் அவன் காதில் ஏதோ சொன்னாள், சிரித்தாள். சாத்தூர் வருகிறவரை முருகம்மாள் அந்த இரண்டு வாய்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.